ஆறு பேர் ரத்தம் கொடுத்தோம், அம்மாவுக்கு ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லை. ஏன்?

திண்டுக்கல் பூட்டு எழுதியது:

அம்மாவுக்கு வயது 54, எடை 50 கிலோ. சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. போன மாதம் அதை எடுத்துவிட்டு உலோக வால்வு பொருத்தினார்கள். வீட்டுக்கு வந்துவிட்டார், நடக்கிறார், காப்பியில் சர்க்கரை குறைவு என்று சண்டையும் போடுகிறார்.

அறுவை சிகிச்சைக்கு முன்பு ரத்த தானம் செய்ய ஆறு பேர் வேண்டும் என்றார்கள். தம்பி, சித்தப்பா மகன்கள் இருவர், என் கணவரின் நண்பர்கள் இருவர், 57 வயதுத் தாய்மாமா என்று ஆறு பேரையும் ஒரே வேனில் அழைத்துப் போனேன். மாமா வாழ்க்கையில் முதல்முறையாக ரத்தம் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தலை சுற்றி அரை மணி நேரம் படுத்திருந்தார். வீட்டுக்குப் போகும்போது கொடுத்த சிகிச்சைச் சுருக்கத்தைப் பார்த்தால், 'ஏற்றிய ரத்தம்: இல்லை' என்று இருக்கிறது. "அப்படியானால் என் ரத்தம் எங்கே?" என்று மாமா தினமும் போன் செய்கிறார். அவரிடம் என்ன சொல்வது?

அதே தாளில் பம்ப் நேரம் 96 நிமிடம், ஏசிடி 512, ஹெப்பாரின், புரோட்டமின், டிரானெக்சாமிக் அமிலம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. கேட்டதற்கு "எல்லாம் வழக்கமானதுதான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

இன்னும் இரண்டு கேள்விகள். 2021 மே மாதமே இந்தச் சிகிச்சை நடந்திருக்க வேண்டும். அம்மாவுக்குக் கோவிட் வந்ததால் ஏழு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். அம்மா பயந்துபோய் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டார். அந்த ஏழு வாரக் கணக்கு எங்கிருந்து வந்தது? அடுத்தது, இப்போது வால்வில் ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரையும், அது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனையுமாக இருக்கிறது. பக்கத்து வீட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவர், "புதிய மாத்திரை வந்திருக்கிறது, பரிசோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்" என்கிறார். மாற்றலாமா?

பழைய பம்ப் எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். மாற்றாதீர்கள் அம்மா. விளக்கத்தைப் பிறகு சொல்கிறேன். இன்று இரவும் அசிட்ரோமே கொடுங்கள்.

நான் 27 வருடம் பெர்ஃப்யூஷனிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அறுவை அரங்கில் நோயாளியின் இதயம் நின்றிருக்கும்போது, ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திருப்பி அனுப்பும் இயந்திரத்தின் (அதைத்தான் பம்ப் என்போம்) முன்னால் உட்கார்ந்திருப்பவன். உறவினர்கள் எங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். பழக்கூடை எல்லாம் சர்ஜனுக்குத்தான் போகும்.

உங்கள் தாளில் உள்ள 512 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். ரத்தம் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டால் உறையத் தொடங்கும், அது அதன் பிறவிக் குணம். குழாய்க்குள் உறைந்தால் எல்லாம் முடிந்தது. அதனால் இயந்திரத்தில் இணைக்கும் முன்பு, கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் போடுவார்கள். உங்கள் தாயாருக்கு 15,000 முதல் 20,000 யூனிட் போயிருக்கும். மூன்று நிமிடம் கழித்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, களிமண் தூள் போன்ற ஒன்று உள்ள சிறு குழாயில் விட்டு ஏசிடி இயந்திரத்தில் வைப்போம். உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அது எண்ணும். சாதாரணமாக 120, 130-இல் நின்றுவிடும். நாங்கள் 480 தாண்டக் காத்திருப்போம். சர்ஜன் கையில் குழாயோடு நிற்பார், மயக்க மருத்துவர் மானிட்டரைப் பார்ப்பார், அரங்கில் யாரும் பேசமாட்டார்கள். எண் 400 தாண்டியதும் எனக்கு மூச்சு சீராகும். "480, பம்ப் போகலாம்" என்று நான் சொன்ன பிறகுதான் கவ்வியைத் திறப்பார்கள். 512 என்றால் நன்றாக வேலை செய்திருக்கிறது என்று பொருள்.

1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய் உறையவிடாத பொருளில் இடறி விழுந்தார். அந்த ஆராய்ச்சியில் பிறந்ததுதான் ஹெப்பாரின். நாயின் கல்லீரலில் கிடைத்ததால், கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர். இப்போது பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் அதை முறிக்கப் போடும் புரோட்டமின் சால்மன் மீனின் விந்துப் பையிலிருந்து வந்தது. சுத்த சைவக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "தெரியாமல் போனதில் பாவம் இல்லை, இனி யாருக்கும் சொல்லாதே" என்றார். உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.

இனி மாமாவின் ரத்தம். இயந்திரத்தின் குழாய்களைக் காலியாக இணைக்க முடியாது, காற்று போய்விடும். உப்புநீர்க் கரைசலை நிரப்பித்தான் இணைப்போம். 50 கிலோ பெண்ணின் உடலில் ரத்தம் ஏறக்குறைய 3.2 லிட்டர். குழாயில் 1.2 லிட்டர் தண்ணீர் இருந்தால் மொத்தம் 4.4 லிட்டர். தாயாரின் ஹீமோகுளோபின் 11 என்று வைத்துக்கொண்டால் பம்ப் ஓடத் தொடங்கியதும் 8-க்கு இறங்கும். ரசத்தில் தண்ணீர் விட்ட கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 8-ஐப் பார்த்ததும் கை தானாக ரத்தப் பைக்குப் போகும்.

இப்போது வழி வேறு. இணைக்கும்போதே நோயாளியின் சொந்த ரத்தத்தை மெதுவாகக் குழாய்க்குள் வரவிட்டு, அது தள்ளும் உப்புநீரை ஒரு பையில் வெளியே எடுத்துவிடுவோம். பொறுமை வேண்டும், ரத்த அழுத்தம் இறங்காமல் கண் வைத்திருக்க வேண்டும். அரை லிட்டர் எடுத்துவிட்டால் மொத்தம் 3.9 லிட்டர், ஹீமோகுளோபின் 9. அந்த ஒரு புள்ளியில் ஒரு பாட்டில் மிச்சம். உங்கள் தாளில் 'குறைந்தபட்ச ஹெமாடோக்ரிட்' என்று ஓர் எண் இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது. அதை மூன்றால் வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட ஹீமோகுளோபின் கிடைக்கும்.

8 வந்தால்கூட இன்று உடனே ஏற்றுவதில்லை. 2017-இல் வெளியான டிரிக்ஸ்-3 என்ற ஆய்வில், இதய அறுவை செய்துகொண்ட 5,000-க்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் 7.5-க்குக் கீழே போனால்தான் ரத்தம். மறு பிரிவில் அரங்கிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் 9.5-க்குக் கீழே வந்தாலே ரத்தம். எல்லாரும் ஓரளவாவது ஆபத்து கூடிய நோயாளிகள். மரணம் முதல் பிரிவில் 3.0 சதவீதம், இரண்டாவதில் 3.6. மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் குறைவாக ஏற்றியவர்கள் கெட்டுப்போகவில்லை. சிவப்பணு ஏற்ற வேண்டி வந்தவர்கள் 73 சதவீதத்திலிருந்து 52 சதவீதமாகக் குறைந்தார்கள். அதைப் படித்த அன்று, நான் தேவையில்லாமல் எத்தனை பாட்டில்களைத் தொங்கவிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடியவில்லை.

அப்படியானால் ஆறு பேரை ஏன் அழைத்தார்கள்? சில நேரம் மார்பைத் தைத்து மூடிய பிறகும் கசிவு நிற்காது, திரும்பத் திறக்க வேண்டிவரும். அந்த இரவில் ரத்த வங்கி காலியாக இருக்கக் கூடாது. மாமா கொடுத்தது பெயர் எழுதிப் பூட்டி வைத்த ரத்தம் இல்லை, அது பொதுக் கிணறு. சிவப்பணுக்களைத் தனியே பிரித்துச் சேர்ப்புக் கரைசலில் வைத்தால் 42 நாள் தாங்கும். உங்களுக்கு வேண்டாம் என்று தெரிந்ததும் அடுத்தவருக்குப் போய்விடும். ஆனால் இதை உங்களிடம் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். ஆறு பேரை வேனில் வரவழைத்துவிட்டு 'வழக்கமானது' என்பது மரியாதை இல்லை.

தூக்கமருந்து எழுதியது:

நான் மயக்க மருத்துவர். பம்ப் ஐயா டிரானெக்சாமிக் அமிலத்தை விட்டுவிட்டார், பங்கு கேட்டு வந்திருக்கிறேன்.

மாதவிடாய் மிகுதியாகப் போகும் பெண்களுக்குக் கொடுக்கிறோமே, அதே மருந்துதான். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோ என்ற பெண் மருத்துவரும் அவருடைய கணவரும் 1962-இல் உலகுக்குச் சொன்னது. பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் தாய்மார்கள் சாவதைத் தடுக்கத்தான் அவர் தேடினார். உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் இது பிடித்து வைக்கிறது. "உறைய வைக்கிற மருந்தை இதய நோயாளிக்குப் போட்டால் அடைப்பு வராதா?" என்று நாங்களும் பயந்தோம். 2017-இல் வந்த அட்டகாஸ் ஆய்வில் (பெயர் அப்படித்தான், நான் வைத்ததில்லை) பைபாஸ் செய்துகொண்ட 4,600-க்கும் மேற்பட்டவர்களில் அடைப்பும் மரணமும் கூடவில்லை. மருந்து பெற்ற பிரிவுக்கு மொத்தம் 4,331 யூனிட் ரத்தப் பொருட்கள் தேவைப்பட்டன, பெறாத பிரிவுக்கு 7,994. கசிவுக்காகத் திரும்பத் திறந்ததும் பாதியாகக் குறைந்தது.

இதில் ஒரு கசப்பும் உண்டு. மருந்து பெற்றவர்களில் 0.7 சதவீதம் பேருக்கு வலிப்பு வந்தது, மற்றவர்களில் 0.1. அந்த ஆய்வின் நடுவிலேயே அளவைக் கிலோவுக்கு 100 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைத்தார்கள். வால்வு அறுவையில் இதய அறையையே திறப்பதால் நான் இன்னும் கையைச் சுருக்கித்தான் போடுவேன்.

ஏழு வாரக் கணக்கு இதுதான். 2020 அக்டோபரில் 116 நாடுகளில் எல்லா வகை அறுவை சிகிச்சையும் சேர்த்து 1,40,231 நோயாளிகளைப் பார்த்தார்கள். கோவிட் வராதவர்களில் 30 நாளுக்குள் மரணம் 1.5 சதவீதம். தொற்று வந்து இரண்டு வாரத்துக்குள் கத்தி வைத்தவர்களில் 4.1, ஐந்து ஆறு வாரத்தில்கூட 3.6. ஏழு வாரம் தாண்டியதும் மீண்டும் 1.5. இறங்குமுகமாக இல்லாமல் படிக்கட்டு போல் விழுந்த எண் அது. தொந்தரவு அப்போதும் நீடித்தவர்களுக்கு மட்டும் ஆபத்து கூடுதலாகவே இருந்தது. உங்கள் அம்மாவுக்குச் சொன்னது சரியான அறிவுரை. ஏழு வாரம் என்பது வருடக்கணக்கானதுதான் வருத்தம்.

டிக்டிக் எழுதியது:

எனக்கு உலோக வால்வு வைத்துப் பதினொரு வருடம். ராத்திரி விசிறி நின்றால் என் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரச் சத்தம் கேட்கும். மனைவிக்கு அது கேட்டால்தான் தூக்கம். உங்கள் அம்மாவுக்கு எந்த வால்வு? திருவனந்தபுரம் சித்ரா நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990-இல் முதல் நோயாளிக்கு வைத்த சித்ரா வால்வு என்றால் உள்ளே சாய்ந்து திறக்கும் தட்டு பிளாஸ்டிக், சத்தம் குறைவு என்பார்கள்.

அசிட்ரோம் பற்றி அனுபவத்தில் சொல்கிறேன். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லி எல்லாரும் பயமுறுத்துவார்கள். நான் முதல் வருடம் நிறுத்தினேன். ஒரு நாள் மாமியார் வீட்டில் முருங்கைக்கீரை அடையைக் கட்டுப்பாடில்லாமல் சாப்பிட்டேன், ஐஎன்ஆர் 1.6-க்கு விழுந்தது. இப்போது வாரம் இரண்டு நாள் ஒரே அளவு கீரை, எண் ஆடுவதில்லை. மருந்துக்கடையில் வலி மாத்திரை கேட்டு வாங்காதீர்கள், அது கீரையைவிட மோசம். பல் பிடுங்கப் போனாலும் முதலில் வால்வு இருப்பதைச் சொல்லுங்கள்.

திண்டுக்கல் பூட்டு எழுதியது:

தாளை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஹெமாடோக்ரிட் 26 என்று இருக்கிறது. மூன்றால் வகுத்தால் 8.7. பழைய பம்ப் ஐயா, நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தது போலிருக்கிறது! வால்வு அட்டையில் சித்ரா என்றுதான் இருக்கிறது. புதிய மாத்திரை விஷயத்தை முடியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கும் வருவார். கோவிட் காலத்தில் ரத்தம் உறைகிறது என்று எல்லாருக்கும் ஊசி போட்டார்களே, அதுவும் இதே ஹெப்பாரின்தானா?

பழைய பம்ப் எழுதியது:

8.7. நல்ல கை அந்தப் பம்ப்பில் இருந்திருக்கிறது. யாரென்று கேட்டு ஒரு நன்றி சொல்லுங்கள், ஆடிப்போய்விடுவார்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். உலோக வால்வுக்காரர்களுக்குப் புதிய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரான் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2012-இல் பாதியில் நிறுத்தினார்கள், 252 பேர்தான் சேர்ந்திருந்தார்கள். அசிட்ரோமின் குடும்பமான வார்ஃபரின் பிரிவில் ஒருவருக்கும் பக்கவாதம் இல்லை, புதிய மருந்துப் பிரிவில் ஒன்பது பேருக்கு. பிறகு இன்னொரு புதிய மாத்திரையான அபிக்ஸாபானை, பெருந்தமனி வால்வில் மட்டும், ஆபத்து குறைந்த ஒரே வகை வால்வில் வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் அதையும் நிறுத்தினார்கள். அடைப்புகள் அபிக்ஸாபானில் 20, வார்ஃபரினில் 6. உங்கள் தாயாருடையது மைட்ரல் வால்வு, அங்கே ரத்த ஓட்டம் இன்னும் மந்தம். மூட்டுக் காய்ச்சலால் இதயம் கெட்டு, துடிப்பும் தாறுமாறானவர்களுக்கு ரிவரோக்ஸாபான் என்ற புதிய மாத்திரை கொடுத்துப் பார்த்த இன்விக்டஸ் ஆய்வும் 2022-இல் வந்தது. உலோக வால்வு வைக்காத சுமார் 4,500 பேரில் நடந்தது. அங்கும் பழைய மருந்துப் பிரிவில் 442 மரணம், புதியதில் 552. புதிய மாத்திரைகள் வேறு பல நோய்களுக்கு அருமையானவை, அதில் சண்டை இல்லை. உலோக வால்வுக்கு மட்டும் கிழட்டுக் குதிரைதான் ஓடுகிறது. மைட்ரல் உலோக வால்வுக்கு ஐஎன்ஆர் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்கச் சொல்வார்கள். உங்கள் இலக்கை மருத்துவர் எழுதித் தந்திருப்பார், அதையே பாருங்கள்.

கோவிட் கேட்டீர்கள். அதே ஹெப்பாரின் குடும்பம்தான்.

2020-இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சென்னையில் சிகிச்சையில் இருந்தபோது எக்மோ என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்தது. நான் அப்போது வேறு ஊரில் அதே எக்மோ பக்கத்தில் இரவுப்பணி பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இதய-நுரையீரல் இயந்திரத்தின் தம்பிதான் அது, மணிக்கணக்கில் ஓடாமல் வாரக்கணக்கில் ஓடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டார்ச் விளக்கை ஆக்சிஜனேட்டரின் மேல் சாய்த்துப் பிடிப்பேன். உள்ளே ரத்தம் மாதுளைச் சாறு போல் ஓடும். மூலையில் மிளகு அளவு கறுப்பு தெரிந்தால் கட்டி பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. பேனாவால் வெளியே வட்டம் போட்டு நேரம் எழுதிவைப்பேன். அடுத்த முறை பார்க்கும்போது வட்டத்தை மீறி வளர்ந்திருக்கும். அதே நோயாளிக்கு மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வடிந்துகொண்டிருக்கும். இங்கே உறைகிறது, அங்கே ஒழுகுகிறது. ஹெப்பாரினைக் கூட்டுவதா குறைப்பதா என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

கட்டியைக் கண்ணால் பார்க்கிறோம் அல்லவா, அதனால் மருந்தைக் கூட்டினால் பிழைப்பார்கள் என்று நம்பினோம். எக்மோ வேண்டாத நோயாளிகளுக்கும் ரத்தம் உறைவதைக் காட்டும் டி-டைமர் பரிசோதனை எண்ணைப் பார்த்துப் பார்த்து முழு அளவு போட்டோம். 2021 ஆகஸ்டில் முடிவு வந்தது. தீவிர சிகிச்சையில் இருந்த சுமார் 1,100 பேரில், முழு அளவு பெற்றவர்களில் 62.7 சதவீதம் உயிரோடு வீடு திரும்பினார்கள், வழக்கமான சிறிய அளவு பெற்றவர்களில் 64.5. பெரிய ரத்தப்போக்கு மட்டும் 2.3-இலிருந்து 3.8 ஆனது. அதே மருந்தை நோய் முற்றாமல் வார்டில் இருந்த 2,200 பேருக்குக் கொடுத்தபோது பலன் இருந்தது. வென்டிலேட்டர் போன்ற உதவி தேவைப்படாமல் பிழைத்தவர்கள் 76.4-இலிருந்து 80.2 ஆனார்கள். வெள்ளம் வீட்டுக்குள் வந்த பிறகு வாசலில் மண்மூட்டை அடுக்கியிருக்கிறோம். ஆஸ்பிரினும் அப்படித்தான். இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வில் ஏறக்குறைய 15,000 பேர், கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மரணம் 17 சதவீதம்.

கோவிட் வந்து போனவர்கள் பிறகு பம்ப்புக்கு வந்தபோதும் விட்டபாடில்லை. 2021 கடைசியில் ஒரு பைபாஸ் நோயாளி. கிலோவுக்கு 400 யூனிட் போட்டும் ஏசிடி 340-இல் நின்றுவிட்டது. இன்னும் போட்டோம், 365. சர்ஜன் என்னை முறைத்தார், நான் ஏசிடி இயந்திரத்தை முறைத்தேன், குழாயை மாற்றியும் அதே எண். ஆன்டித்ராம்பின் என்ற புரதம் இல்லாமல் ஹெப்பாரின் வேலை செய்யாது. அது குறைந்திருக்கும் என்று இரண்டு பை பிளாஸ்மா ஏற்றினோம். 495 வந்தது. அந்த இருபது நிமிடத்தில் என் சட்டை நனைந்துவிட்டது, ஏசி 19-இல் ஓடிக்கொண்டிருந்தது.

தூக்கமருந்து எழுதியது:

ஒரு திருத்தம் ஐயா. எல்லாமே ஆன்டித்ராம்பின் குறைவு இல்லை. அழற்சியில், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களான ஃபைப்ரினோஜனும் எட்டாம் காரணியும் எகிறியிருந்தாலும் ஏசிடி ஏறாது. அறுவைக்கு முன்பே நாள்கணக்கில் ஹெப்பாரின் சொட்டிலிருந்தவர்களுக்கும் இப்படி ஆகும். உங்கள் நோயாளிக்குப் பிளாஸ்மா பலித்தது, எனக்கு ஒருவருக்குப் பலிக்கவில்லை.

பழைய பம்ப் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். பலித்ததைத்தான் வெளியே சொல்கிறோம்.

திண்டுக்கல் பூட்டு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்று ஐஎன்ஆர் 2.1 வந்தது. மருத்துவர் அளவைக் கொஞ்சம் கூட்டி, ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரரிடம் 20-க்கு 6 கணக்கைச் சொன்னேன், "அப்படியா" என்று தாளில் குறித்துக்கொண்டு போனார். அம்மா வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரைக்கு ஒப்புக்கொண்டு, மூன்றாவது நாளுக்குப் பேரம் பேசுகிறார்.

மாமாவுக்காக ரத்த வங்கிக்குப் போன் செய்தேன். பெயர் எதுவும் சொல்ல முடியாது, அந்த வாரமே ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள். மாமாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "என்ன குழந்தை என்று கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை என்றதற்குக் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.